வாடிய கனியின் இன்சுவை

அறுவடை முடிந்தால் உழவனுடைய கவலையும் முடிந்தது என்று எண்ணுவது நம் வழக்கம். நெல்லை வெட்டிச் சூடடித்துத் தூற்றிக் களஞ்சியத்திலே சேர்த்துவிட்டால் அந்த ஆண்டின் பாடு தீர்ந்தது. ஆனால், வட இத்தாலியில் உள்ள ஒரு மலைச்சாரலிலே, பழத்தைக் கொய்து வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னரே உழவனுடைய கவலை தொடங்குகின்றது. அங்கே, தேர்ந்தெடுத்த முந்திரிகைக் குலைகளை உடனே பிழிவதில்லை. மேல்மாடத்திலே தட்டுகளிற் பரப்பி, ஏறக்குறைய நூறு நாள் வாடவிடுகின்றனர். பழத்தின் எடையில் மூன்றிலொரு பங்கு காற்றோடு கலந்து போய்விடுகின்றது. போனது நீர், நின்றது இனிமை என்று அவர்கள் அமைதி கொள்கின்றனர்.

இவ்வாறு வாடிய பழத்திலிருந்து கிடைக்கும் இனிய செந்நிற மதுவுக்கு 'ரெச்சோற்றோ' என்பது பெயர். அதன் வரலாறு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு அப்பாற் செல்வது. அதனை ஒரு தாயின் கதை என்றும் சொல்லலாம். தன் வயிற்றிற் பிறந்த மகனுக்கு வீட்டையெல்லாம் விட்டுக்கொடுத்து, இன்று ஒரு மூலையிலே அமர்ந்திருக்கும் தாயின் கதை.

மதுவைப் பற்றிய கட்டுரைக்குக் குடும்பத்தார் யாவரும் படிக்கும் பகுதியில் இடமுண்டோ என்று வாசகர் சிலர் ஐயுறலாம். குடி குடியைக் கெடுக்கும் என்பதை நாம் மறந்தோமல்லோம். குடியைப் புகழ்வது நம் நோக்கமன்று. ஒரு நாட்டு உழவர் தம் கைத்தொழிலை எவ்வாறு வளர்த்தனர், அத்தொழில் எவ்வாறு மாறிற்று, மாறும்போது எதனை இழக்க நேர்ந்தது என்பவற்றை அறிதலே நம் நோக்கம்.

மலையும் ஆறும்

சேக்ஸ்பியரின் 'உரோமியோவும் யூலியற்றும்' நாடகத்தைப் பயின்ற மாணவர் வெரோனா நகரின் பெயரை அறிவர். அந்நகருக்கு வடமேற்கே, ஆதிஜே ஆற்றுக்கும் லெஸ்ஸினி மலைத்தொடருக்கும் இடையே கிடப்பது வல்ப்போலிச்செல்லா என்னும் நிலப்பகுதி. மேற்கே கார்டா என்னும் பேரேரி; வடக்கே குளிர்காற்றைத் தடுத்து நிற்கும் மலைகள். ஏரியின் அணைவினால் அங்கே குளிர் கொடியதன்று. நெக்ரார், மறானோ, பூமானே, சான் பியேத்ரோ, சாந்த் அம்புரோஜோ என்னும் ஊர்களைச் சூழ்ந்த சரிவுகளே இம்மதுவின் பழைய தாயகம்.

மண் சரிந்து போகாவண்ணம் அச்சரிவுகளைப் படிப்படியாக வெட்டி, சாந்து பூசாமற் கல்லின்மேற் கல்லாக அடுக்கிய சுவர்களை எழுப்பியிருக்கின்றனர். அப்படிகளிலே பந்தலிட்டு முந்திரிகைக் கொடிகளை ஏற்றுகின்றனர். புலவர் தாந்தே தம் ஊராகிய புளோரன்சினின்றும் துரத்தப்பட்ட காலத்தில் அடைக்கலம் பெற்ற நகரங்களுள் வெரோனாவும் ஒன்று. அவருடைய மகன் பியேத்ரோ 1353 ஆம் ஆண்டில் வல்ப்போலிச்செல்லாவிலே நிலம் வாங்கினார். அந்த நிலத்தில் அவர் வழியினர் இன்றும் முந்திரிகை பயிரிட்டு வருகின்றனர். ஆட்சிகள் பல மாறியும் கொடியும் குடும்பமும் அங்கே மாறவில்லை.

அங்கு விளையும் முந்திரிகைகளுள் கொர்வீனா, கொர்வினோனே, ரொண்டினெல்லா என்னும் மூன்று இனங்கள் சிறப்புடையன. இவற்றுள் கொர்வீனா தடித்த தோல் உடையது. மெல்லிய தோலுடைய பழம் மாதக் கணக்கில் வைத்தால் வெடித்து அழுகும். தடித்த தோலுடைய பழமோ சுருங்குமேயன்றி எளிதில் அழுகாது. ஆகவே, பழத்தை வாடவிடும் வழக்கம் அங்கே நிலைபெற்றமைக்கு இயற்கையே துணைநின்றது எனலாம்.

காது தந்த பெயர்

ரெச்சோற்றோ என்னும் பெயருக்கு வழங்கும் விளக்கம் சுவையானது. வெரோனா மக்களின் பேச்சுவழக்கில் காதினை 'ரெச்சா' என்பர். முந்திரிகைக் குலையை உற்று நோக்கினால், காம்பை அடுத்து மேற்புறத்தில் இருபுறமும் இரண்டு சிறு கிளைகள் விரிந்து நிற்பதைக் காணலாம். முகத்தின் இருமருங்கும் நிற்கும் காதுகளைப் போன்றமையால் அவற்றுக்கு அப்பெயர் வந்தது. வெயில் அங்கேதான் மிகுதியாகப் படும். இனிப்பும் அங்கேதான் மிகும். பழைய நாளில் உழவர் அக்காதுகளை மட்டும் கிள்ளியெடுத்து இம்மதுவுக்கென்று ஒதுக்கி வைத்தனராம். இக்காலத்தில் நல்ல குலையை முழுதாகவே கொள்கின்றனர். எனினும், பெயர் காதின் பெயராகவே நிலைத்துவிட்டது.

அரசவை எழுதிய கடிதம்

பழத்தை உலர்த்தி மது செய்யும் முறை இத்தாலியர் புதிதாகக் கண்டதன்று. கிரேக்கப் புலவர் எசியோது, பறித்த குலைகளைப் பத்து நாள் வெயிலிலும் ஐந்து நாள் நிழலிலும் வைக்குமாறு உழவருக்கு அறிவுரை கூறியுள்ளார். ஆபிரிக்கக் கரையிலிருந்த கார்த்தேஜ் நகரத்து மாகோ என்பவர் வேளாண்மை பற்றி எழுதிய பெருநூலிலும் இதற்கான முறை இருந்தது. உரோமர் கி.மு. 146 இல் கார்த்தேஜை அழித்தனர். நகரை எரித்தவர்களே அந்த நூலை மட்டும் தம் மொழியிற் பெயர்த்தெழுதுமாறு கட்டளையிட்டனர் என்பது வரலாறு. மாகோ கூறிய முறையைப் பின்னாளில் கொலுமெல்லா என்னும் உரோம ஆசிரியர் தம் நூலிலே எடுத்துரைத்துள்ளார். நாணற்படல்மேற் பழத்தைப் பரப்புக, இரவிலே பனி படாது மூடுக என்பன அதிலுள்ள அறிவுரைகள்.

வெரோனா மதுவைப் பற்றிய தெளிவான சான்று கி.பி. ஆறாம் நூற்றாண்டிலே கிடைக்கின்றது. உரோமப் பேரரசு வீழ்ந்து, ஒஸ்த்ரோகோத்தர் இத்தாலியை ஆண்ட காலம் அது. அவர்களுடைய அரசவையில் உயர்பதவி வகித்த கசியோதோருஸ் என்பவர், 530 களிலே, வெனேத்தோப் பகுதி அதிகாரி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அரசருடைய விருந்துக்கு 'அசினாற்றிக்கும்' என்னும் மதுவை வெரோனாவிலிருந்து பெற்று அனுப்பவேண்டும் என்பது அதன் செய்தி. அம்மட்டோடு அவர் நின்றாரல்லர். இலையுதிர் காலத்திலே தேர்ந்தெடுத்த குலைகளைத் தலைகீழாகத் தொங்கவிடும் முறையையும், அவை நாளடைவிற் சுருங்கி இனிமை மிகுவதையும், மார்கழிக் குளிர் வரும்வரை பிழியாது வைத்திருப்பதையும் விரிவாக எழுதியுள்ளார். ஏனையோர் களஞ்சியங்களில் மது பழையதாகிவிட்ட வேளையில் இது புதிதாகப் பிறக்கின்றதே என்று அவர் வியந்தார். அரசாங்கக் கடிதத்திலே பழத்தின் சுருக்கத்தை நயந்து எழுதிய அதிகாரிகள் உலகில் மிகச் சிலரே இருப்பர்.

பட்டுப்பூச்சி விட்டுச்சென்ற தட்டு

இனி, பழம் வாடும் மேல்மாடத்தைக் காண்போம். செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிலே கொய்வோர் கத்தரியுடன் பந்தலின் கீழே செல்கின்றனர். எல்லாக் குலைகளும் இதற்கு ஏற்றவையல்ல. பழங்கள் நெருங்கிச் செறிந்த குலையின் உள்ளே காற்றுப் புகாது. ஆதலின் அதனை ஒதுக்குகின்றனர். பழத்துக்குப் பழம் சிறிது இடைவெளி விட்டு, காயமின்றி, நன்கு முதிர்ந்த குலைகளையே தேர்கின்றனர். அவற்றை ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒரே அடுக்காகத் தட்டுகளிலே கிடத்துகின்றனர்.

மூங்கிலாலும் நாணலாலும் முடைந்த அத்தட்டுகளுக்கு 'அறெலே' என்று பெயர். அவை முதலிலே முந்திரிகைக்கென்று மட்டும் அமைந்தவையல்ல. வெரோனாப் பகுதி ஒருகாலத்திற் பட்டுக்கும் பேர்பெற்றது. இளவேனிற் காலத்திலே அத்தட்டுகளில் முசுக்கட்டை இலையைப் பரப்பி உழவர் பட்டுப்புழு வளர்ப்பர். கூடுகளை விற்றபின் தட்டுகள் வெறுமையாகும். இலையுதிர் காலம் வந்ததும் அவற்றிலே முந்திரிகை ஏறும். ஒரே மேல்மாடம், ஒரே தட்டு, ஆண்டுக்கு இரு விளைச்சல்! பட்டுத்தொழில் அங்கே மறைந்துவிட்டது. தட்டுகள் மட்டும் பல வீடுகளில் எஞ்சின. பிற்காலத்தில் மரப்பெட்டிகளும் பிளாஸ்ரிக் பெட்டிகளும் அவற்றின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன.

அடுத்த மூன்று மாதமும் காவற்காலம். நாம் முற்றத்திலே மிளகாயும் ஒடியலும் காயவைப்பது போன்றதன்று இது. நமக்கு வெயில் உண்டு, அவர்களுக்கோ குளிர்காலம். வெயிலில் அன்று, நிழலிலும் காற்றிலுமே பழம் வாடவேண்டும். உலர்ந்த காற்று வீசும்போது சாளரங்களைத் திறக்கின்றனர். மூடுபனி இறங்கும்போது விரைந்து அடைக்கின்றனர். ஈரம் தங்கினாற் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு பழத்திற் பிடித்தது ஒரு குலைக்கும், ஒரு குலையிற் பிடித்தது ஒரு தட்டுக்கும் பரவும். ஆகவே, குலைகளைத் திருப்பிப் பார்ப்பதும், கெட்டதைக் கிள்ளி எறிவதும் நாள்தோறும் உள்ள வேலை. இக்காலத்திலே பெரிய உலர்த்துமனைகளில் விசிறிகளும் ஈரத்தை அளக்கும் கருவிகளும் உள்ளன. எனினும், கண்ணும் கையும் செய்யும் வேலையை அவை முற்றாக ஏற்றுக்கொள்ளவில்லை.

கணக்கைப் பார்த்தால் இத்தொழிலின் துணிவு புலப்படும். 100 கிலோ முந்திரிகையை உடனே பிழிந்து சாதாரண மது செய்தால் ஏறக்குறைய 70 இலீற்றர் கிடைக்கும். அதே பழத்தை வாடவிட்டாற் கிடைப்பது ஏறத்தாழ 40 இலீற்றரே. அதற்கும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். மழையும் பனியும் மனம் வைக்கவேண்டும்.

இனிப்பு எஞ்சுவது எவ்வாறு?

மாணவர்கள் இங்கே ஒரு வினா எழுப்பலாம். முந்திரிகைச் சாறு நொதிக்கும்போது, மதுவம் என்னும் நுண்ணுயிர் அதிலுள்ள வெல்லத்தை உண்டு அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றுகின்றது. அவ்வாறாயின், முடிவில் இனிப்பு இருப்பானேன்?

பழம் வாடும்போது நீர் குறைகின்றது, வெல்லம் செறிகின்றது. குளிர்காலத்தின் நடுவிலே பிழியப்படும் அச்சாற்றிலே மதுவம் வேலை செய்வது எளிதன்று. வெல்லத்தின் செறிவு ஒரு தடை. குளிர் மற்றொரு தடை. தான் ஆக்கிய அற்ககோலே தன்னைத் தளர்த்துவது மூன்றாவது தடை. ஆகவே நொதித்தல் மெல்ல மெல்ல நடந்து, வெல்லம் தீருமுன்பே தளர்கின்றது. அந்நிலையிலே மதுவைத் தெளித்து வேறு பாத்திரத்துக்கு மாற்றியும், குளிரூட்டியும் அதனை நிறுத்திவிடுகின்றனர். இலீற்றர் ஒன்றுக்கு 100 கிராமுக்கு மேலும் வெல்லம் எஞ்சி நிற்பதுண்டு. இன்னொரு நுட்பமும் உண்டு. பழத்திலுள்ள இருவகை வெல்லங்களில் மதுவம் முதலில் விரும்பி உண்பது குளுக்கோசை. எஞ்சுவதிற் பெரும்பகுதி புறுக்டோசு. அதுவே இரண்டினுள்ளும் இனிப்பு மிகுந்தது.

பிழிந்தபின் எஞ்சும் சக்கையையும் அவர்கள் வீணாக்குவதில்லை. அதன்மேல் அந்த ஆண்டின் எளிய மதுவை ஊற்றினால் அது மறுபடியும் நொதித்து, நிறமும் உரமும் பெறும். 'ரிப்பாஸ்ஸோ' என்னும் இப்பழைய சிக்கனமுறை 1964 ஆம் ஆண்டிலே வணிக உலகிற் புதுவாழ்வு பெற்றது.

மறதியிலே பிறந்த மகன்

நொதித்தலை நிறுத்துவதிலே கவனம் தவறினால் என்ன ஆகும்? மதுவம் தன் வேலையைத் தொடர்ந்து செய்து, இனிப்பு முழுவதையும் உண்டுவிடும். எஞ்சுவது இனிப்பற்ற, கடுமையான, கசப்புச் சாயலுடைய மது. பழைய உழவருக்கு இது பெரிய ஏமாற்றம். கைநழுவி ஓடிப்போன ரெச்சோற்றோ என்று பொருள்படும் ஒரு பெயரை அதற்கு இட்டிருந்தனர்.

1936 ஆம் ஆண்டிலே நடந்ததாக ஒரு கதை வழங்குகின்றது. வல்ப்போலிச்செல்லாக் கூட்டுறவு மதுச்சாலையின் பொறுப்பாளராயிருந்த அதெலினோ லுக்கேசே என்பவர், மறந்து விடப்பட்ட ஒரு பீப்பாவைத் திறந்து சுவைத்துப் பார்த்தாராம். இனிப்பு இருக்கவேண்டிய இடத்தில் இனிப்பு இல்லை. ஆனால் அது கெட்டுப்போனதாகவும் தோன்றவில்லை. ஆழ்ந்த மணமும் மிடுக்கும் உடைய புதியதொரு மதுவாயிருந்தது. கசப்பு என்று பொருள்படும் 'அமாறோ' என்னும் சொல்லைப் பெருக்கி, 'அமறோனே' என்று அவர் பெயர் சூட்டினாராம். கதையின் ஒவ்வொரு சொல்லும் மெய்யோ அன்றோ, பெயர் நிலைத்துவிட்டது. 1950 களிலே அமறோனே முறையாகச் சந்தைக்கு வந்தது.

1968 இல் இத்தாலிய அரசு வல்ப்போலிச்செல்லா மதுக்களுக்குச் சட்டக் காப்பு அளித்தபோதும், அமறோனே தாயின் பெயரைத் தாங்கி, 'ரெச்சோற்றோ அமறோனே' என்றே வழங்கிற்று. தந்தையோ தாயோ ஊரிற் பெயர் பெற்றவராயின், இன்னாருடைய மகன் என்றுதானே பிள்ளையை அறிமுகஞ் செய்வோம்? 1990 களிலே நிலைமை மாறிற்று. அமறோனே தன் பெயராலேயே நிற்கத் தொடங்கியது. அக்காலந்தொட்டு அதன் புகழும் விலையும் ஏறின. 2010 இல் தாய், மகன் என்னும் இரண்டுக்கும் இத்தாலிய மதுச் சட்டத்தின் உயர்ந்த தகுதி ஒருங்கே கிடைத்தது. தகுதி ஒன்றாயினும் வாழ்வு ஒன்றாக இல்லை. இன்று மேல்மாடங்களிலே வாடும் முந்திரிகையில் மிகப் பெரும் பகுதி அமறோனேக்கே போகின்றது. ரெச்சோற்றோவுக்கு எஞ்சுவது மிகச் சிறு பங்கு.

மூலையில் ஒரு தட்டு

இதற்குக் காரணம் விளங்காததன்று. உணவோடு இனிப்பற்ற மதுவை விரும்புவோர் உலகெங்கும் பெருகினர். இனிய மதுவை நாடுவோர் குறைந்தனர். அறுவடையில் எவ்வளவு பழத்தை வாடவிடலாம் என்பதற்குச் சட்டத்தில் எல்லை உண்டு. ஆகவே, ரெச்சோற்றோவுக்கென்று ஒதுக்கும் ஒவ்வொரு தட்டும் அமறோனேயிடமிருந்து பறித்த தட்டாகும். கடன் கட்டவேண்டிய உழவன், பிள்ளைகளைப் படிப்பிக்கவேண்டிய உழவன், விலைபோகும் பொருளை விட்டு விலைபோகாப் பொருளை ஏன் செய்யவேண்டும்? அவனை நாம் குறைகூற முடியாது.

ஆயினும், அவ்வூர்களில் ரெச்சோற்றோவை முற்றாகக் கைவிட மனமில்லாத குடும்பங்கள் உண்டு. பண்டிகைக்கும் விருந்தினருக்கும் வேண்டுமென்று சிறிதளவேனும் செய்து வைக்கின்றனர். நத்தார் நாளிலே 'பண்டோறோ' என்னும் வெரோனா நகரத்துக் கேக்கோடு அது பரிமாறப்படும். ஈஸ்ரர் காலத்திலே நெக்ரார் ஊரில் ரெச்சோற்றோவுக்கென்றே போட்டி வைத்து, சிறந்ததைத் தேர்ந்தெடுத்துக் கொண்டாடுகின்றனர். சந்தை மறந்த ஒன்றை ஊர் மறக்கவில்லை.

நாம் இதிலே கருதத்தக்க உண்மை ஒன்றுண்டு. அமறோனேயின் புகழ் முழுவதும் தாயிடமிருந்து பெற்ற முதுசொம். எந்தக் குலையைத் தெரிவது, எந்தச் சாளரத்தை எப்போது திறப்பது, பூஞ்சணத்தை எவ்வாறு கண்டுகொள்வது என்னும் அறிவெல்லாம் இனிய மதுவைச் செய்யும்பொருட்டு நூற்றாண்டு நூற்றாண்டாகச் சேர்ந்தவை. மகன் அவற்றைக் கொண்டே வாழ்கின்றான். ஆனால் ஓர் அறிவு மட்டும் தாயோடு தங்கிவிட்டது. நொதித்தலை உரிய வேளையிலே நிறுத்தி இனிமையைக் காக்கும் அறிவே அது. ரெச்சோற்றோ செய்வோர் குறையக் குறைய, கையினால் அறியும் அந்த அளவும் குறையும். கசியோதோருசின் கடிதம் ஏட்டிலே இருக்கும். ஏட்டிலிருந்து அதனை யாரும் சுவைத்துப் பார்க்க முடியாது.

விலைபோகும் தொழிலின் நிழலிலே அதனைப் பெற்றெடுத்த பழைய தொழில் ஒடுங்கிப்போவது எந்நாட்டிலும் காணக்கூடியது. அத்தகைய வேளையில் ஊரார் செய்யக்கூடியது பெரிதொன்றுமன்று. இவ்வாண்டும் ஒரு தட்டினை அதற்கென்று ஒதுக்கி வைத்தாற் போதும். வெரோனா மலைச்சாரலிலே, வரும் ஒக்டோபரிலும் சில வீடுகளின் மேல்மாடத்து மூலையில் அத்தகைய தட்டொன்று இருக்கும். அதன்மேல் முந்திரிகை மெல்ல வாடிக்கொண்டிருக்கும். வீட்டிலே ஒருவர் இரவில் எழுந்து, மூடுபனி இறங்குகின்றதோ என்று சாளரத்தைப் பார்த்து வருவார்.